குளத்துக் கெளிறும் தொட்டிக் கெளிறும்

இந்துக் கல்லூரியின் மலரிலே மீனைப் பற்றிய கட்டுரையா என்று புருவத்தை நெரிப்போர் நம் பழைய மாணவருள்ளும் சிலர் இருத்தல் கூடும். அன்னாருக்கு நாம் கூறும் விடை இது: ஈண்டு ஆராயப் புகுந்தது உண்ணும் மீனையன்று, எண்ணும் மீனையே. ஒரு தொழிலிலே பொருள் வளர்வதும் பணம் வளர்வதும் ஒன்றாகா என்பதை, விலங்கியலும் எண்கணிதமும் பயிலும் மாணாக்கர் தாமே கணக்கிட்டுக் காணத்தக்க வகையிற் காட்டுதற்குக் கெளிற்று மீன் வளர்ப்பைப்போல வாய்ப்பான எடுத்துக்காட்டுப் பிறிதொன்றை நாம் கண்டிலேம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். 'ராங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் நாட்டார் இரணைமடுவுக்கும் வவுனிக்குளத்துக்கும் வழங்கிப் பழகிவிட்டனர். மீன் வளர்ப்போர் 'ராங்க்' என்னும்போது கருதுவது அதுவன்று. சீமெந்தினாலோ, பிளாத்திக்கினாலோ, மரச்சட்டத்திற் கட்டிய தறப்பாளினாலோ அமைந்த தொட்டியையே அவர்கள் அப்பெயரால் அழைப்பர். மண்ணை அகழ்ந்து, களிமண்ணாற் கரை கட்டி, நீர் புகவும் வெளியேறவும் வழி வைத்த சிறு குளம் மற்றையது. தொட்டி, மண்குளம் என்னும் இவ்விரு சொற்களையே நாம் இக்கட்டுரை முழுதும் ஆளுவோம்.

இவ்விரண்டும் அருகருகே நின்று போட்டியிடும் நாடு மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நைஜீரியா. அந்நாடு நம்மவர்க்குப் புதியதன்று. 1970களிலும் 1980களிலும் எண்ணெய்ப் பணம் பெருகிப் பாடசாலைகள் பல்கியபோது, இலங்கைத் தமிழாசிரியர் பலர் அங்கே சென்று கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தனர். அவர்கள் இருந்த காலத்தில் மீன் வளர்ப்பு அங்கே சிறு தொழிலாகவே இருந்தது. 1951 இல் இலாகோசு நகரின் ஒனிக்கான் பகுதியிலே பரிசோதனைப் பண்ணையொன்று தொடங்கப்பட்டது. யோசு மேட்டுநிலத்திலுள்ள பன்யாமிற் கெண்டை இனத்தை வளர்க்கும் பெரும் பண்ணையும் 1950களிலேயே அமைந்தது. ஆயினும் தொழில் வேர்கொண்டது கெண்டையாலன்று, உள்நாட்டு ஆறுகளிலேயே வாழ்ந்த கெளிற்றினாலாகும். 2015 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வளர்ப்பு மீன் விளைவு மூன்று இலட்சம் தொன்னைக் கடந்தது. அதிற் பெரும்பகுதி கெளிறும் அதன் உறவினங்களுமே. ஓகுன் மாநிலத்திலே இயேபு-ஓடே நகரத்துக்கு அண்மையில் எரிவே என்னும் மீன்வளர்ப்புக் கிராமம் உண்டு. அங்கே மண்குளங்கள் வயற்பாத்திகள்போல அடுத்தடுத்து விளங்குவன. இலாகோசு, இபாதான் முதலிய பெருநகரங்களிலோ வீட்டுக் கொல்லைதோறும் சீமெந்துத் தொட்டிகள் எழுந்தன. ஓய்வுபெறுவோர் தம் சேமிப்பையும், வேலை கிடையாத பட்டதாரிகள் தம் பெற்றோரின் பணத்தையும் அத்தொட்டிகளிலே இட்டனர். ஆதலின் குளமா தொட்டியா என்னும் வினா அங்கே பல குடும்பங்களின் சேமிப்பைத் தொட்ட வினாவாகும்.

அம்மீனின் இயல்பை அறியாமல் இவ்வினாவை ஆராய்தல் இயலாது. ஆபிரிக்கக் கெளிற்றினை விலங்கியலார் கிளாரியசு கரியெபைனசு என்பர். தென்னாபிரிக்காவின் ஒரேஞ்சு ஆற்றுக்கு அந்நிலத்து மக்கள் வழங்கிய கரியெப் என்னும் பெயரே இதன் இரண்டாஞ் சொல்லில் அமைந்துள்ளது. 1822 இல் பேர்ச்செல் என்பார் இதனை விவரித்தார். செதிலற்ற வழுவழுப்பான உடலும், தட்டையான எலும்புத் தலையும், நான்கு சோடி மீசைகளும் உடையது. பூக்களுக்குமேல் மரக்கிளைபோற் கிளைத்த துணைச் சுவாச உறுப்பொன்று இதற்கு உண்டு. நீரிலே ஒட்சிசன் அருகியபோது மேலெழுந்து வாயாற் காற்றை விழுங்கி அவ்வுறுப்பினாற் சுவாசிக்கும். ஈரநிலத்திலே சிறிது தூரம் ஊர்ந்தும் செல்லும்.

இவ்வொரு வல்லமையே தொட்டி வளர்ப்பைத் தோற்றுவித்தது எனலாம். வேறு மீன்களை நெருக்கமாக இட்டால் விடியற்காலையிலே ஒட்சிசன் குறைந்து அவை மூச்சுத் திணறி மிதக்கும். கெளிறோ காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு சிறு தொட்டியிலே ஆயிரம் மீன் வளர்க்கலாம் என்னும் எண்ணம் எளிதாகப் பிறந்தது. மீன் பிழைக்கும் என்பது மெய்யே. பிழைத்தல் வேறு, தழைத்தல் வேறு என்பதை அவ்வெண்ணங்கொண்டோர் பின்னரே கண்டனர்.

குஞ்சு பெறுதலிலே இரு முறையாருக்கும் வேறுபாடு இல்லை. சினைப் பெண்மீனுக்குக் கபச்சுரப்பிச் சாற்றையோ கடையில் விற்கும் ஓமோன் மருந்தையோ ஊசிமூலம் ஏற்றி, வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைப் பெறுவர். ஆண்மீனிலிருந்து அவ்வாறு அழுத்திப் பெற இயலாமையால், அதனைக் கொன்று விந்துப்பையை எடுத்தே கலப்பர். வெப்பமான நீரிலே ஏறத்தாழ ஒரு நாளிற் குஞ்சு பொரித்துவிடும். அதன் பின்னரே தொல்லை தொடங்கும். கெளிறு தன் இனத்தையே தின்னும் மீன். ஒரு தாய் வயிற்றுக் குஞ்சுகளுள் சில முந்தி வளர்ந்து, முதலிற் பிந்தியவற்றின் வாலைப் பற்றிக் கடித்தும், பின்னர் முழுதாக விழுங்கியும் பெருக்கும். பத்து நாளுக்கொருமுறையேனும் பெரியனவும் சிறியனவும் பிரிக்கப்படாவிடின், ஆயிரம் குஞ்சு விலை கொடுத்து வாங்கியவன் சில நூறு கொழுத்த மீனையே காண்பான். சராசரி நிறை உயர்ந்து காட்டும், எண்ணிக்கையோ கரைந்திருக்கும். வளர்ச்சியைச் சராசரி நிறையால் மட்டும் அளப்பது எத்துணை மயக்கந் தருவது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

இனி வளர்ச்சியை நோக்குவோம். ஒரே தொகுதிக் குஞ்சுகளைக் குளத்திலும் தொட்டியிலும் இட்டு, ஒரே தீனியை ஊட்டி, சில மாதங்களின் பின் நிறுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நைஜீரியப் பல்கலைக்கழகங்களிலே பல நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒரே வழிப்பட்டனவல்ல. சிலவற்றிற் குளத்து மீன் விஞ்சும். சிலவற்றிலே தொட்டி மீன் விஞ்சும். இதனைக் கண்டு மாணாக்கர் திகைத்தல் வேண்டா. குளத்திலே பூச்சிப் புழுவும், நத்தையும், மிதக்கும் நுண்ணுயிரும் தாமே விளைந்து மீனுக்கு இலவச உணவாகின்றன. ஆதலின் தீனி போதாதபோதும் தரங்குறைந்தபோதும் குளத்து மீன் முந்தும். தொட்டியிலே தீனி கண்முன் தீர்வதும் தீராததும் தெரியும். மீனைப் பிரிப்பதும் எளிது. ஆதலின் நல்ல தீனியும், இடையறாத நீரும், விழிப்பான ஆளும் வாய்த்தவிடத்துத் தொட்டி மீன் முந்தும். எனவே அவ்வாய்வுகள் அளந்தது பாத்திரத்தின் பெருமையை மட்டுமன்று. அதனைப் பேணியவரின் கையையும் கூடவே அளந்துள்ளன. நல்ல பேணலிலே இரண்டிலும் ஐந்தாறு மாதத்தில் ஒரு கிலோகிராம் மீனைப் பெறலாம் என்பதே நாம் கொள்ளத்தக்கது. வளர்ச்சியில் இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டும் இலாபத்தில் விலகிப்போவது ஏன் என்பதே ஆராயத்தக்க வினா.

விடை கழிவு நீரிலே கிடக்கின்றது. கெளிற்றுக்கு இடும் மிதக்குந் தீனியிலே நூற்றுக்கு நாற்பது பங்களவு புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைதரசன் என்பது இரசாயன மாணவர் அறிந்ததே. ஆகவே ஒரு கிலோகிராம் தீனியில் 64 கிராம் நைதரசன் உளது. மீன் தன் உடலிலே சேர்ப்பது அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. எஞ்சியது பெரும்பாலும் பூக்களின் வழியாக அமோனியாவாக நீரிற் கலக்கும். அரைக் கிலோகிராம் நிறையுள்ள ஆயிரம் மீனுக்கு, உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு வீதம், நாளொன்றுக்குப் பத்துக் கிலோகிராம் தீனி இடுவதாகக் கொள்வோம். நீரிற் சேரும் நைதரசன் நாளொன்றுக்கு 430 கிராம் அளவாகும். இதனை 20,000 லீற்றர் கொள்ளும் தொட்டியிலே பரப்பினால் ஒரே நாளில் லீற்றருக்கு 21 மில்லிகிராமைத் தாண்டும். ஐந்து மீனுக்கு ஒரு சதுர மீற்றர் என்னும் அளவில் அகழ்ந்த 200 சதுர மீற்றர்க் குளத்தில், நீர் 1.2 மீற்றர் ஆழமாயின், கொள்ளளவு 240,000 லீற்றர். அங்கே அதே கழிவு லீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவே. அவ்விரண்டையும் பாசி உண்டு பசுமையாகும்; சேற்றிலுள்ள பற்றீரியங்கள் நைத்திரேற்றாக மாற்றும். மண்குளம் கூலி வாங்காத தோட்டியை வைத்திருக்கின்றது.

தொட்டியிலே அத்தோட்டிக்கு இடமில்லை. நீரை மாற்றுதலே வழி. வளர்ப்பின் பிற்பகுதியில் நூறு நாள், நாளுக்கொருமுறை முழு நீரையும் மாற்றினால் இருபது இலட்சம் லீற்றர் நீர் இறைக்கப்படும். அறுவடை 850 கிலோகிராம் எனின், ஒரு கிலோகிராம் மீனுக்கு 2,300 லீற்றருக்கு மேல். துளைக்கிணற்றிலிருந்து இவ்வளவையும் மேலேற்றும் யந்திரம் ஒரு நாள் நின்றாலும் தொட்டியின் கதை முடிந்தது. நைஜீரியாவிலே மின்சாரம் வருவதும் போவதும் எவருடைய கணக்கிலும் அடங்காதது. அதனாற் பெற்றோல் மின்பிறப்பாக்கி இல்லாத தொட்டிக்காரரைக் காண்டல் அரிது. நீரைச் சுத்திசெய்து மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் சுழற்சி அமைப்புகளும் உள. அவை நீரை மிச்சப்படுத்தும், மின்சாரத்தை இன்னும் மிகுதியாகக் கேட்கும்.

தொட்டியின் குறைகள் இவ்வளவோடு அமையா. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் உயர உயர அமோனியாவின் நச்சு வடிவம் பெருகும். இதனாற் புதுத் தொட்டியைப் பலமுறை நீர் நிரப்பி ஊறவைத்து வடிப்பர். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. கெளிறு இருளை விரும்பும் மீன். தெளிந்த ஆழங்குறைந்த தொட்டியிலே நண்பகல் வெயிலுக்கு ஒளிய இடமின்றி அது கலங்கும், கடித்துக்கொள்வதும் மிகும். குளத்திலே கலங்கல் நீரே அதற்கு நிழல். மார்கழி தொடக்கம் மாசிவரை சகாராவிலிருந்து வீசும் அர்மத்தான் என்னும் வறண்ட காற்றுக் காலத்திலே இரவுக் குளிர் சிறு தொட்டியை விரைவிற் பற்றும். மீன் தீனியை வெறுக்கும். நெருக்கத்தோடு உயிர்ச்சத்து 'சி' குறைந்த மலிவுத் தீனியும் சேர்ந்தால் தலையோடு வெடிக்கும் நோய் தோன்றும்.

இவ்வளவும் சொன்ன நாம் மண்குளத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டோம் எனக் கருதற்க. குளத்திலே எத்தனை மீன் உளது என்பதை அறுவடை நாளன்றி அறிதல் அரிது. கொக்கும் மீன்கொத்தியும் பகலிலே தின்னும். உடும்பும் பாம்பும் தின்னும். இரு காலுள்ள திருடன் எப்பொழுதும் வருவான். கரையிலே நண்டு துளைத்த சிறு வழியாற் குளம் ஓரிரவில் வற்றுதலும் உண்டு. யாவற்றினுங் கொடியது வெள்ளம். 2012 இலும் 2022 இலும் நைகர், பெனுவே ஆறுகள் கரைபுரண்டு நாட்டின் பல மாநிலங்களை மூழ்கடித்தன. வெள்ளம் கரைமேல் ஏறியதும் வேலியும் வலையும் இல்லாத குளத்து மீன் தானே வெளியேறிவிடும். ஆறு மாதத் தீனியின் விலையும் அதனோடே போகும். தொட்டிக்காரன் அவ்விரவிலே நித்திரை கொள்ளலாம்.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். நைஜீரிய நாணயத்தின் பெறுமதி அடிக்கடி மாறுவதால், ஒரு கிலோகிராம் தீனியின் விலையை ஒரு பங்கு எனவும், ஒரு கிலோகிராம் உயிர்மீனின் விற்பனை விலையை 1.8 பங்கு எனவும் கொள்வோம். கீழ்வரும் எண்கள் ஒரு பண்ணையின் கணக்கேட்டிலிருந்து எடுத்தவையல்ல. விகிதங்கள் எவ்வாறு இயங்குகின்றன எனக் காட்டுதற்கு நாம் அமைத்துக்கொண்டவை.

இரண்டிலும் ஆயிரம் குஞ்சு. விலை 80 பங்கு. தொட்டியில் 850 மீன் தப்பி, ஒவ்வொன்றும் ஒரு கிலோகிராமாக வளர்கின்றது. ஒரு கிலோகிராம் மீனுக்கு 1.25 கிலோகிராம் தீனி வீதம் தீனிச் செலவு ஏறத்தாழ 1,060. நீரிறைக்க 120, கூலி 100, தொட்டித் தேய்மானம் 60. மொத்தச் செலவு 1,420, விற்பனை 1,530, இலாபம் 110. குளத்தில் 800 மீனே தப்புகின்றது. நிறை அதே ஒரு கிலோகிராம். இயற்கை உணவின் உதவியாற் கிலோகிராமுக்கு 1.1 வீதம் தீனி 880. நீரிறைக்க 20, சுண்ணாம்புக்கும் எருவுக்கும் 15, கூலி 100, குத்தகைக்கும் கரை திருத்தவும் 60. மொத்தச் செலவு 1,155, விற்பனை 1,440, இலாபம் 285.

தொட்டி ஐம்பது கிலோகிராம் மீனை மிகுதியாகத் தந்தது. இலாபத்திலோ குளத்தின் பாதியையும் எட்டவில்லை. இரு பத்தியிலும் தீனியே செலவின் முக்காற் பங்கு என்பதை மாணாக்கர் கவனிப்பாராக. ஆகவே ஒரு கிலோகிராம் மீனுக்குச் செல்லும் தீனி 1.25 ஆ 1.1 ஆ என்னும் அற்ப வேறுபாடே கணக்கை நடத்துகின்றது. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ளது சிறிது எனத் தள்ளும் பழக்கமுடையோர் இத்தொழிலிற் புகாதிருத்தல் நன்று.

தீனி விலை மட்டும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஏறுகின்றது. மீன் விலை ஏறவில்லை என்று வைப்போம். தொட்டியின் தீனிச் செலவு 1,219 ஆகும், மொத்தம் 1,579, அதாவது 49 பங்கு நட்டம். குளத்தின் தீனிச் செலவு 1,012, மொத்தம் 1,287, இலாபம் குறைந்தும் 153 எஞ்சும். மாறாக, குளத்திலே பறவையும் திருட்டுமாக 600 மீனே தப்புகின்றது. இழந்த மீன் தின்றதையுஞ் சேர்த்துத் தீனி 750 சென்றது எனின், விற்பனை 1,080, செலவு 1,025, இலாபம் 55 மட்டுமே. அவ்வாண்டு தொட்டிக்காரனின் 110 பெரிதாகத் தோன்றும். வெள்ள ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விரு ஆபத்துகளுள் எது அடிக்கடி வருவது? அண்மை ஆண்டுகளின் வரலாறு இதற்கு விடை கூறும். நல்ல மிதக்குந் தீனியின் ஒரு பகுதி நெதர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாவது. கொப்பன்சு என்னும் தீனியின் பெயரை அறியாத கெளிற்றுக்காரர் அங்கே இல்லை. உள்நாட்டிலே செய்யும் தீனிக்கும் மீன்மா வெளிநாட்டிலிருந்தே பெரிதும் வருகின்றது. சோளமோ மனிதரும் கோழியும் போட்டியிட்டு உண்பது. 2023 மே மாத இறுதியிலே பெற்றோலுக்கான அரச மானியம் நீக்கப்பட்டது. லீற்றர் 200 நைராவுக்கு உட்பட்டிருந்த விலை சில நாள்களிலே ஏறத்தாழ 500 நைராவாகியது. அடுத்த மாதமே நாணய மாற்று வீதம் சந்தைக்கு விடப்பட்டது. டொலருக்கு 460 நைராவளவில் நின்ற வீதம் 2024 பெப்புருவரியில் 1,400ஐக் கடந்தது. முதலாவது அடி நீரிறைக்கும் யந்திரத்தின்மேல் விழுந்தது. இரண்டாவது அடி தீனிச் சாக்கின்மேல் விழுந்தது. குளத்துக்காரன் இரண்டாவதை மட்டுமே முழுதாகத் தாங்கினான். தொட்டிக்காரன் இரண்டையும் தாங்கினான். கொல்லைப்புறத் தொட்டிகள் பல வெறுமையாகிக் கிடந்தமைக்குக் காரணம் மீன் வளராமையன்று. வளர்ந்த மீனின் விலை அதை வளர்த்த தீனியின் விலையோடு ஓட இயலாமற் போனமையே.

அங்ஙனமாயின் ஏன் தொட்டி கட்டினர் என்று கேட்கலாம். நாம் மேலே கண்ட கணக்கை நிலத்தால் வகுத்துப் பார்த்தால் விடை தோன்றும். தொட்டிக்கு வேண்டியது இருபது சதுர மீற்றர், குளத்துக்கு இருநூறு. தொட்டி சதுர மீற்றருக்கு 5.5 பங்கும், குளம் 1.4 பங்கும் ஈட்டின. நிலத்தை அளவுகோலாகக் கொண்டால் தொட்டி குளத்தைப்போல நான்கு மடங்கு. இட்ட முதலை அளவுகோலாகக் கொண்டாலோ, தொட்டி நூற்றுக்கு எட்டும் குளம் நூற்றுக்கு இருபத்தைந்தும் ஈட்டின. இரு கூற்றும் மெய். விற்பனைக்காரர் தமக்கு வேண்டிய ஒன்றை மட்டுமே சொல்லிவிடுகின்றனர். இலாகோசிலே ஒரு கொல்லை மட்டும் உடையவனுக்கு இருநூறு சதுர மீற்றர்க் களிமண் நிலம் எங்கிருந்து வரும்? மணற்பாங்கான நிலத்திலே குளம் அகழ்ந்தால் நீர் தங்காது. அன்னான் தெரிந்தெடுத்தது தொட்டியையன்று. தன்னிடம் இருந்த ஒரே வழியை. அவனைக் குறை கூறுதல் தகாது. ஆனால் குளத்துக்காரனுக்குக் கிடைக்கும் இலாபத்தைக் காட்டி அவனைத் தொட்டி கட்டத் தூண்டும் பயிற்சி வகுப்புகளை நாம் மெச்சமாட்டோம்.

நம் நாட்டிலே இதனைச் செய்யலாமோ என்று இதனைப் படிக்கும் இளைஞர் சிலர் எண்ணக்கூடும். இம்மீன் அயல்நாட்டு ஊனுண்ணி. இந்தியாவிலே இதன் வளர்ப்புத் தடைசெய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிற் கள்ளமாக வளர்த்த குளங்களை அதிகாரிகள் அழித்த செய்திகளும் வந்துள்ளன. காற்றைச் சுவாசித்து ஈரநிலத்தில் ஊரும் மீனை ஒரு குளத்திலே அடைத்துவைத்தோம் என நம்புதல் பேதைமை. 1952 இல் நம் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா மக்களுக்கு உணவாகிப் பயன் தந்தது உண்மை. ஆனால் கண்ணாடித் தொட்டிக்கென வந்து, தப்பி, இன்று குளங்களிலே வலைகளைக் கிழிக்கும் 'ராங்க் கிளீனர்' மீனையும் நாம் காண்கின்றோம். நமக்கென்றே உரிய கெளிற்றினமான கிளாரியசு பிராக்கிசோமா இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லாதது. அதன் வீட்டுக்கு ஆபிரிக்க விருந்தாளி வேண்டா. அன்றியும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறையின் வழியே கிணற்றுக்கு வடிவது எதுவோ அதையே நாம் குடிக்கின்றோம். உரத்தினால் ஏற்கெனவே நைத்திரேற்று மிகுந்த அந்நீருக்கு நாளொன்றுக்கு 20,000 லீற்றர்க் கழிவைச் சேர்க்க எவரேனும் முற்படின், அயலவர் அவரிடம் இலாபக் கணக்குக் கேளார்.

நைஜீரியரோ இரண்டையும் பொருத்தும் வழியைத் தாமே கண்டுள்ளனர். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும் பருவத்தைத் தொட்டியிலே கழிக்கின்றனர். அப்பருவத்திலே மீனின் நிறை சிறிது, தீனியும் கழிவும் சிறிது, கண்காணிப்பே பெரிது. ஆறு முதல் எட்டு வாரம் பிரித்துப் பிரித்து வளர்த்து, ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் பறவை எளிதிற் கவராத பருமனினவாகவும் ஆனபின் எண்ணி மண்குளத்தில் விடுவர். தீனி மிகுந்து கழிவு பெருகும் பிற்பகுதியைக் குளம் ஏற்கும். தொட்டியின் வலிமை எண்ணுதல். குளத்தின் வலிமை செரித்தல். அவ்வவற்றுக்கு உரிய காலத்திலே அவ்வவற்றை ஏவும் இம்முறைக்கு, குளமும் சிறு தொட்டியும் ஒருங்கே உடையவரே தகுதியுடையர் என்பது மட்டுமே தடை.

குளத்து மீனுக்குச் சிலபோது சேற்று நாற்றம் உண்டு. பாசியிலும் நுண்ணுயிரிலும் தோன்றும் ஒரு பொருள் ஊனிலே ஏறுவதால் வருவது அது. அதனைப் போக்கச் சில நாள் தீனியின்றித் தெளிந்த நீரிலே வைப்பர். நகரத்துக் காரச்சாறு விற்கும் கடைகளின் முற்றத்திலே ஒரு தொட்டி இருக்கும். உண்ண வந்தவர் அதிலே நீந்தும் ஒரு மீனைச் சுட்டிக் காட்ட, அது அப்பொழுதே கொல்லப்பட்டுச் சாற்றில் வேகும். இதற்கு அந்நாட்டார் வைத்த பெயர் 'பொயின்ற் அன்ட் கில்'. ஐந்து மாதம் குளத்திலே தீனி தின்று நிறை பெற்ற கெளிறு தன் கடைசி இரண்டு மூன்று நாளை ஒரு பிடி தீனியும் இன்றி அத்தொட்டியிலே கழிக்கின்றது. அங்கே அது வளர்வதில்லை, தொட்டிக்காரனுக்குச் செலவும் இல்லை, கிலோகிராமுக்கு மிக உயர்ந்த விலையும் அங்கேதான் கிடைக்கின்றது.